நேர்ந்த வாய்

எட்டாம் வாய்க்கால்,
உருத்திரபுரம்,
கிளிநொச்சி.
29.09.2024

அம்மாளாச்சி துணை

என் பிள்ளை சாரங்காவுக்கு,

நீ கொழும்பில் மாமி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததை மாமி அப்பாவுக்குச் சொல்லி, அப்பா எனக்குச் சொல்லித்தான் அறிந்தேன். நான் எடுத்த போன் ஒன்றையும் நீ எடுக்கவில்லை. மணி அடித்து அடித்து ஓய்கிறது. அதனால் எழுதுகிறேன். கடிதத்தை யாரும் பாதியில் வெட்ட முடியாது.

வெள்ளிக்கிழமை நடந்ததைத் திருப்பித் திருப்பி நினைக்கிறேன். பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி வந்து, உனக்கு யாழ்ப்பாண மருத்துவ பீடம் என்று தெரிந்ததும் கோயிலுக்கு ஓடினேன். ஓடியது பிழையா? பொங்கினேன். வாய்க்கால் வழியே இருக்கிற வீடுகளுக்கெல்லாம் வாழையிலையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். விமலேஸ்வரி அக்கா படலையிலேயே மறித்து, "என்ன டொக்டரின்ர அம்மா, இனி எங்களை ஆஸ்பத்திரி வரிசையில நிக்க விடமாட்டியள்தானே?" என்று கேட்டா. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அப்படிச் சிரித்து எத்தனை வருசம்.

வீட்டுக்கு வந்தால் நீ குசினி வாசலில் நிற்கிறாய். "பொங்கலைக் குடுக்க முதல் என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம் அம்மா" என்கிறாய். ஜப்பான் என்கிறாய். தண்ணீரும் மண்ணும் பற்றிய படிப்பு, முழுப் புலமைப்பரிசில், படிப்பு தங்குமிடம் விமானச் சீட்டு எல்லாம் அவர்கள் பொறுப்பு என்கிறாய். விண்ணப்பத்தில் அப்பாவின் கையெழுத்தும் இருக்கிறதாம். அவரைக் கேட்டால், "உர மானியத் தாள் எண்டு நினைச்சு வைச்சனான்" என்கிறார். உண்மையோ பொய்யோ, அம்மாளாச்சிக்குத்தான் வெளிச்சம்.

அதற்குப் பிறகு நான் சொன்னதை நீ மாமிக்குச் சொல்லியிருப்பாய். "நீ நேர்ந்த பிள்ளை. உனக்கு விருப்பம் எண்டு ஒண்டு இல்லை" என்றேன். கோபத்தில் வந்த சொல்தான். ஆனால் பொய் இல்லையே பிள்ளை. உன்னை டொக்டர் ஆக்குவேன் என்று அம்மாளாச்சியிடம் கேட்டுத்தான் உன் உயிரை வாங்கினேன். ஊருக்கே தெரிந்த நேர்த்தி. எனக்குக் கடன் இருந்தால் நித்திரை வராது என்று உனக்குத் தெரியும். கடைக்காரன் மறந்துபோன ஒரு நெருப்புப் பெட்டிக் காசைக்கூட நான் கொண்டுபோய்க் கொடுத்தவள்.

பளையைத் தாண்டினால் யாழ்ப்பாணம். கிழமைக்குக் கிழமை வந்து போகலாம். ஜப்பானிலிருந்து எப்படி வருவாய்? உன் நாக்குக்கு அங்கே என்ன கிடைக்கும்?

போனை எடு.

அம்மா


வெள்ளவத்தை,
கொழும்பு 6.
04.10.2024

அன்புள்ள அம்மா,

போனை எடுக்க மாட்டேன். கோபத்தில் இல்லை. போனில் நீங்கள் கதைப்பதில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும்தான் கேட்கும். அதைக் கேட்டால் நான் "ஓம் அம்மா" என்று சொல்லிவிடுவேன். உயர்தரத்துக்கு உயிரியல் எடுத்ததும் அப்படித்தான். கணிதம் எடுக்கிறேன் என்றேன். நீங்கள் சாமி அறைக்குள் போய் மூக்கை உறிஞ்சினீர்கள். நான் உயிரியல் எடுத்தேன். ஆகவே எழுதுங்கள். நீங்கள் எழுதும்போது நியாயமாக இருக்கிறீர்கள்.

விசயத்தைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். ஜப்பான்காரருக்கு ஒக்டோபர் 25, வெள்ளிக்கிழமைக்குள் பதில் அனுப்ப வேண்டும். ஓம் என்றால் மார்ச் கடைசியில் பயணம். மருத்துவ பீடத்துப் பதிவும் அதே நாட்களில் முடிகிறது. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு பார்க்கலாம் என்று மாமி சொல்கிறா. முடியாது. விசாரித்துவிட்டேன். ஒன்றைப் பிடித்தால் மற்றது போய்விடும். பிறகு இரண்டுமே திரும்பி வராது.

அம்மா, என்னை ஆறாம் வகுப்பிலிருந்து "டொக்டர்" என்றுதான் கூப்பிட்டார்கள். உங்களுக்கு அது இனிக்கும். யாருக்காவது மூக்கால் இரத்தம் வந்தால் "டொக்டரைக் கூப்பிடு" என்று என்னை முன்னால் தள்ளுவார்கள். நான் இரத்தத்தைப் பார்த்ததும் மயங்கி விழுவேன். கடைசியில் இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டு போவார்கள். என்னோடு படித்த அஜந்தன் இப்போதும் அதை நடித்துக் காட்டுவான். சிரிப்புத்தான். ஆனால் ஆஸ்பத்திரி மருந்து மணம் மூக்கில் பட்டால் என் தோள் தானாக இறுகிக்கொள்கிறது. எனக்கு அந்த நாட்கள் ஞாபகம் இல்லை. தோளுக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ.

பூநகரிச் சின்னம்மா வீட்டுக் கிணறு உங்களுக்குத் தெரியும். நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அதில் அள்ளிக் குடித்தோம். இப்போது மாடும் முகத்தைத் திருப்புகிறது. கடல் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, உப்பு மட்டும் நடந்து வந்துவிட்டது. எப்படி வந்தது, எந்த வழியால் வந்தது, மறிக்க முடியுமா என்று கேட்டேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை. அதற்காகத்தான் போத்தல் போத்தலாகத் தண்ணீர் கட்டிக்கொண்டு பஸ்சில் வந்தேன். நீங்கள் "கிணத்துத் தண்ணியைக் காவிற விசரி" என்று பேசினீர்கள். அந்தப் போத்தல்களைப் பற்றி எழுதித்தான் ஜப்பான் கிடைத்தது. எனக்கு விருப்பம் என்று ஒன்று இருக்கிறது அம்மா.

25ஆம் திகதி வரைக்கும் போன் எடுக்க மாட்டேன் என்று அம்மாளாச்சி மேல் சத்தியம் பண்ணி எழுதுங்கள். நீங்கள் சத்தியம் பண்ணினால் மீற மாட்டீர்கள்.

உங்கள்
சாரங்கா


உருத்திரபுரம்
10.10.2024

அம்மாளாச்சி துணை

பிள்ளைக்கு,

25ஆம் திகதி முடியும்வரை நான் உன்னோடு போனில் கதைக்க மாட்டேன். அம்மாளாச்சி மேல் சத்தியம். போதுமா?

நவராத்திரி நடக்கிறது. உன் புத்தகங்களைத்தான் பூசைக்கு வைத்திருக்கிறேன். விலங்கியல் புத்தகத்தை மேலே வைத்தேன். பிறகு உன் கடிதம் வந்தது. பிறகு அதைக் கீழே வைத்தேன். சரசுவதிக்கு எல்லாம் ஒன்றுதான்.

அப்பா காலபோக நெல் விதைப்புக்கு உழுது விட்டிருக்கிறார், மழைக்குப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். உன் பேச்சை எடுத்தால், "வரம்பைப் பாத்திட்டு வாறன்" என்று எழும்பிப் போகிறார். ஒரு நாளில் இத்தனை தரம் பார்க்க வரம்பு என்ன ஓடியா போகும்?

நீ அந்த நாட்கள் ஞாபகம் இல்லை என்று எழுதியிருந்தாய். நேர்த்தி என்று சொல்லியிருக்கிறேனே தவிர, நடந்ததை முழுதாகச் சொன்னதில்லை. அதைக் கதைக்க என்னால் ஏலாது. எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

கடைசிச் சண்டை நேரம், உனக்கு நாலு வயது. கடற்கரையோரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றை ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தார்கள். உன் தோளில் செல் துண்டு. அப்பா உன்னைச் சாரத்தில் ஏணைத் தொட்டில் மாதிரிக் கட்டிக்கொண்டு ஓடினார். பிள்ளைகள் எழுதுகிற மேசையில் உன்னைக் கிடத்தினோம். டொக்டர் சின்னப் பெடியன், முப்பது வயதும் இருக்காது. மயக்க மருந்து முடிந்துவிட்டது. "அம்மா, பிள்ளையின்ர காலைப் பிடியுங்கோ. கண்ணை மூடிக்கொண்டு பிடியுங்கோ" என்றார். நான் கண்ணை மூடவில்லை. மூடினால் நீ போய்விடுவாய் என்று நினைத்தேன். வாய்விட்டுக் கத்தினேன்: "வற்றாப்பளை அம்மாளாச்சி, இந்தப் பிள்ளையைத் தா. இவளையும் இந்தத் தம்பி மாதிரி ஒரு டொக்டர் ஆக்கி உன்ர வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வாறன்." அங்கே கிடந்த சனம் எல்லாம் கேட்டது. டொக்டரும் கேட்டார். நூலை இழுத்தபடியே, "அது பிறகு. இப்ப பிள்ளையை ஆடாமல் பிடியுங்கோ" என்றார்.

நீ பிழைத்தாய். உனக்குப் பக்கத்தில் கிடந்த பிள்ளை பிழைக்கவில்லை. அதன் தாயும் ஏதோ ஒன்றை நேர்ந்திருப்பாள். அவள் கேட்டது கிடைக்கவில்லை, நான் கேட்டது கிடைத்தது. கிடைத்த நான் எப்படிச் சொல்லை மாற்றுவது? நீயே சொல்லு. ஏமாற்றினால் அம்மாளாச்சி என்னைத் தண்டிக்கட்டும், பயமில்லை. உன்னைத் தொட்டுவிட்டால்? இதற்குத்தான் பயம். வேறு ஒன்றுக்கும் இல்லை. விமலேஸ்வரி அக்கா என்ன சொல்லுவா, ஊர் என்ன சொல்லும் என்று நான் பார்க்கிறேன் என்று நினைக்காதே. கொஞ்சம் பார்க்கிறேன். ஆனால் இதற்கு முன்னால் அது ஒன்றுமில்லை.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. ஜப்பானில் எங்கள் ஆட்களின் கோயில் ஏதும் இருக்கிறதா?

அம்மா


வெள்ளவத்தை
15.10.2024

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை மாமியின் குளியலறைக்குள் இருந்து வாசித்தேன். வெளியே வந்தபோது மாமி, "கண்ணுக்குள்ள சவுக்காரம் போட்டுதோ?" என்று கேட்டா. ஓம் என்றேன்.

எனக்குப் பக்கத்தில் கிடந்த பிள்ளையைப் பற்றி நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது அது இந்த வீட்டிலும் என் பக்கத்தில் கிடக்கிறது.

அம்மா, அந்த டொக்டரை யாராவது நேர்ந்து விட்டார்களா? அவர் விரும்பிப் படித்துத்தானே அந்த இடத்தில் நின்றார். விருப்பமில்லாமல், யாரோ கேட்டதற்காகப் படித்த ஒருவர் அன்றைக்கு அந்த மேசைப் பக்கத்தில் நின்றிருந்தால் மயங்கி விழுந்திருப்பார். நான் விழுவேன் அம்மா. என் முன்னால் கிடக்கிற பிள்ளையின் தாய் என்னைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நிற்கும்போது விழுவேன். இதுதான் எனக்குப் பயம்.

நேர்ந்த வாய் உங்களுடையது. கட்டுகிற வாழ்க்கை என்னுடையது. இதை எழுத எனக்கு நோகிறது. என் உயிருக்காகத்தானே கேட்டீர்கள்.

உங்களை மீறிப் போக என்னால் முடியாது. முடியும் என்று நினைத்துத்தான் பஸ் ஏறினேன். முடியாது. "போ" என்று ஒரு சொல் எழுதி அனுப்புங்கள். அது 25ஆம் திகதிக்கு முதல் வந்தால் நான் ஜப்பானுக்கு ஓம் என்று அனுப்புவேன். வராவிட்டால் யாழ்ப்பாணத்துக்குப் போகிறேன், அதற்காக உங்களோடு ஒருநாளும் சண்டை பிடிக்க மாட்டேன். இதுவும் சத்தியம். நான் உங்கள் மகள்தானே.

ஜப்பானில் எங்கள் ஆட்களின் கோயில் இருக்கிறதா என்று தெரியவில்லை. பார்த்துச் சொல்கிறேன்.

சாரங்கா


உருத்திரபுரம்
22.10.2024

அம்மாளாச்சி துணை

என் செல்லப் பிள்ளைக்கு,

நீ கேட்ட சொல்லை முதலில் எழுதிவிடுகிறேன். பயணம் போகிறவரைப் பார்த்து வெறும் "போ" என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. ஆகையால் இப்படி எழுதுகிறேன்: போயிட்டு வா.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

உன் கடிதம் கிடைத்த அன்றே எங்கள் கோயில் ஐயரிடம் போனேன். அவர் நைவேத்தியத்துக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். "நேர்த்தியை மாத்தலாமோ ஐயா?" என்று கேட்டேன். "ஆட்டை நேர்ந்தவை, பிறகு மனம் வராமல் வேற ஏதும் செய்திருக்கினம். காவடி நேர்ந்து ஏலாமல் போனவை பால்செம்பு எடுத்திருக்கினம். பிள்ளையின்ர படிப்பை நேர்ந்தது... உப்பிடி ஆரும் என்னட்டக் கேட்டதில்லை அக்கா. எனக்குத் தெரியேல்லை" என்றார். பாவம், அவரை ஏன் குறை சொல்வான். தெரியாததைத் தெரியாது என்றார். வீட்டிலிருக்கிற புராணப் புத்தகங்களை எல்லாம் எடுத்துப் புரட்டினேன். அதிலும் இல்லை.

பிறகு நீ எழுதியதையே திருப்பி வாசித்தேன். நேர்ந்த வாய் என்னுடையது என்றால், கட்டுகிற உடம்பும் என்னுடையதாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

நேற்றுத் திங்கட்கிழமை. "வற்றாப்பளைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று அப்பாவைக் கேட்டேன். மோட்டார் சைக்கிளில் போனோம். வெளிவீதியில் அடியழித்தேன். திருவிழாவில் தேருக்குப் பின்னால் பெண்கள் செய்வதைப் பார்த்திருக்கிறாயே, விழுந்து கும்பிட்டு, கை தொட்ட இடத்தில் எழும்பி நின்று, திரும்ப விழுந்து. அப்படியே வீதி முழுவதும். திருவிழா இல்லை, தேர் இல்லை, நான் மட்டும். மழை பெய்த மணல். என் முழங்காலைப் பற்றி உனக்குத் தெரியும். அப்பா குடையை எனக்கு மேலே பிடிப்பதா, எனக்குப் பின்னால் நடப்பதா என்று தெரியாமல், மடித்த குடையோடு வந்துகொண்டிருந்தார். "என்னத்துக்கப்பா இது, வயசு போன நேரத்தில?" என்று கேட்டார். நான் சொல்லவில்லை. கேட்டதை அம்மாளாச்சியிடம் சொல்லி முடிக்கமுதல் மனிசருக்குச் சொன்னால் பலிக்காது. அடுத்த நாள் காலை வீட்டில் விளக்கேற்றும்வரை வாய் திறப்பதில்லை என்றும் வைத்துக்கொண்டேன்.

வாசலில் நின்று மனதுக்குள் இப்படித்தான் சொன்னேன்: "தாயே, பிள்ளையைக் கேட்டு வாங்கினது நான். அவளைக் கொண்டு கட்டுறன் எண்டது என்ர பிழை. இந்த உடம்பால கட்டிப்போட்டன். கணக்கை முடி. பிள்ளையை விடு." விழுந்து எழும்பியபோது உடம்பு லேசாக இருந்தது. பதினைந்து வருசம் சுமந்ததை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. முழங்காலில் தோல் இல்லை, அது பரவாயில்லை, மஞ்சள் பூசியிருக்கிறேன்.

பொழுதுபட வீட்டுக்கு வந்தோம். அப்பா மாட்டுக்கொட்டில் பக்கம் நின்று போனில் கதைத்துக்கொண்டிருந்தார். உன்னோடுதான் என்று எனக்குத் தெரியும், குரல் அப்படித் தழைந்து போயிருந்தது. பிறகு வந்து போனை நீட்டினார். "கதைக்கிறியே?" என்றார். கை போனது பிள்ளை. சத்தியமாக என் கை போனது. ஆனால் உனக்குப் பண்ணிய சத்தியம் இருக்கிறது, வாய் திறப்பதில்லை என்று வைத்ததும் இருக்கிறது. இன்றைக்கு ஒன்றை மீறினால் பகல் முழுக்க விழுந்து எழும்பியதற்கு என்ன அர்த்தம்? மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். ஒரு இரவுதானே என்று இருந்தேன்.

இப்போது விளக்கேற்றிவிட்டு எழுதுகிறேன். கிளிநொச்சித் தபாற்கந்தோருக்கு நானே கொண்டுபோய்ப் போடுவேன். செவ்வாய் போட்டால் வியாழன் உன் கைக்கு வரும். வெள்ளிதான் கடைசி நாள். ஒரு நாள் மிச்சம் இருக்கிறது.

அங்கே குளிர் என்று விமலேஸ்வரி அக்காவின் மருமகன் சொன்னான். உனக்குச் சுவெற்றர் வாங்க வேண்டும்.

அம்மா


வெள்ளவத்தை
22.10.2024

அன்புள்ள அம்மா,

நேற்றுப் பின்னேரம் அப்பா போன் எடுத்தார். அப்பா என்னோடு போனில் இவ்வளவு நேரம் கதைத்தது இதுதான் முதல் தரம்.

"கொம்மா வற்றாப்பளையில அடியழிச்சவா" என்றார். "வீதி முழுக்க விழுந்து விழுந்து எழும்பினவா. முழங்கால் ரெண்டும் இரத்தம். ஒரு நேரச் சாப்பாட்டில நிக்கிறா. காலமையிலயிருந்து வாயைத் திறக்கேல்லை. உன்ர படிப்புக்காகத்தான் பிள்ளை, வேற என்னத்துக்கு? எனக்கு உன்னை ஜப்பானுக்கு விட விருப்பம்தான். ஆனா இதைக் கண்ணால பாத்திட்டு நான் என்னெண்டு சும்மா இருக்கிறது?" என்றார். பிறகு அப்பா அழுதார். அப்பா அழுவார் என்று எனக்குத் தெரியாது.

உங்களிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். "மாட்டனெண்டு தலையாட்டிப்போட்டு உள்ளுக்கை போறா" என்றார். உங்களுக்கு என்னோடு அவ்வளவு கோபமா அம்மா? "போ" என்று எழுத மனம் வராவிட்டால் எழுதாமல் விட்டிருக்கலாம். வெள்ளிக்கிழமை தானாக வந்திருக்கும். அதற்காக விழுந்து விழுந்தா கும்பிட வேண்டும்?

இரவு யோசித்தேன். நான் ஜப்பானில் தண்ணீரை அளந்துகொண்டு இருக்க, நீங்கள் ஒவ்வொரு கோயில் வீதியாக விழுந்து எழும்புகிற காட்சிதான் வந்தது. அதோடு என்னால் படிக்க முடியாது.

காலையில் அவர்களுக்கு எழுதி அனுப்பிவிட்டேன். நன்றி, என்னால் வர முடியவில்லை என்று. மூன்று வரிதான். மாமியின் கணினியில் அனுப்பினேன். மாமி கட்டிப்பிடித்து, "நல்ல பிள்ளை, எங்கட குடும்பத்தில முதல் டொக்டர்" என்றா.

இனி விழாதீர்கள் அம்மா. எழும்புங்கள். நான் யாழ்ப்பாணம் போகிறேன். இரத்தத்துக்குப் பழகிவிடலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

சாரங்கா


வெள்ளவத்தை
26.10.2024

அம்மா,

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. நீங்கள் சொன்னபடியே, ஒரு நாள் மிச்சம் வைத்து.

"போயிட்டு வா" என்ற இடத்திலேயே நிறுத்திவிட்டேன். மிச்சத்தை வாசிக்க நேரம் எடுத்தது.

அன்றைக்கே அவர்களுக்குத் திருப்பி எழுதினேன். பிழையாக விளங்கிக்கொண்டேன், வர முடியும் என்று. நேற்றுப் பதில் வந்தது. மரியாதையான பதில். நான் விட்ட அன்றே அடுத்த பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்களாம். அந்தப் பிள்ளை ஓம் சொல்லிவிட்டதாம். என் எதிர்காலத்துக்கு வாழ்த்தும் சொல்லியிருக்கிறார்கள்.

இன்று காலை நீங்கள் போன் எடுத்தீர்கள். என் கடிதம் உங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை என்று முதல் சொல்லிலேயே தெரிந்தது. "சுவெற்றர் என்ன நிறத்தில வாங்க?" என்று கேட்டீர்கள். வெட்டிவிட்டேன். மன்னியுங்கோ.

அப்பாவைப் பேசாதீர்கள். அவர் கண்ட மட்டும் சொன்னார். நானும் அவர் சொன்ன மட்டும் கேட்டேன்.

பதிவுக்குத் தேவையான தாள்களை எடுக்க வருகிறேன். அடுத்த ஞாயிறு காலை பஸ்சில் கிளிநொச்சியில் இறங்குவேன்.

சாரங்கா


உருத்திரபுரம்
02.11.2024

பிள்ளைக்கு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போட மாட்டேன். நாளை நீ வருகிறாய். உன் கட்டிலில் வைப்பேன். நேரே கதைத்தால் நான் மூக்கை உறிஞ்சுவேன், நீ "பரவாயில்லை அம்மா" என்பாய். அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

அப்பாவைப் பேசவில்லை. உன் கடிதத்தை வாசிக்கக் கொடுத்தேன். வாசித்துவிட்டு வரம்பைப் பார்க்கப் போனார். இருட்டியும் வரவில்லை. நான்தான் டோர்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். வாய்க்கால் கட்டின் மேல் இருந்தார். "நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்" என்றார். "நான் திறந்திருக்கலாம்" என்றேன். பிறகு இரண்டு பேரும் வந்து சாப்பிட்டோம்.

அந்தப் போனை வாங்கியிருந்தால் ஒரு சொல் போதும். "போயிட்டு வா." அவ்வளவுதான். கை போனது, நான் இழுத்துக்கொண்டேன். சத்தியத்தைக் காத்தேன். எதைக் காப்பாற்றினேன் என்று இப்போது தெரியவில்லை.

விமலேஸ்வரி அக்கா நேற்று வந்து, "உங்கட மேளுக்கு அடியழிச்சனியளாம், அம்மாளாச்சி உடன தந்திட்டா பாத்தியளே?" என்றா. என்ன சொல்ல? ஓம் அக்கா என்றேன். அவாவுக்கும் கால் உளைவாம், உன்னைக் கொண்டு மருந்து எழுதுவிக்க வேண்டுமாம். இன்னும் படிக்கவே தொடங்கவில்லை என்றேன். "அதுக்கென்ன, சொல்லி வைக்கிறன்" என்றா.

நான் கணக்குப் பார்க்கத் தெரிந்தவள். எப்படிப் பார்த்தாலும் இந்தக் கணக்கு ஒரே மாதிரித்தான் வருகிறது. ஒரு கடனை நாங்கள் இரண்டு தரம் கட்டிவிட்டோம். முதலில் நான் உடம்பால் கட்டினேன். அதை அறியாமல் நீ உன் விருப்பத்தால் கட்டினாய். கடையில் என்றால் கூடக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கலாம். இதை எந்த வாசலில் போய்க் கேட்பேன்?

நேற்றோடு கேதாரகௌரி விரதம் முடிந்து, கையில் காப்பு நூல் கட்டினார்கள். ஐயர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நினைச்சதைக் கேட்டுக் கும்பிடுங்கோ அக்கா" என்றார். சுற்றிவர எல்லோரும் கண்ணை மூடி வாய்க்குள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். எனக்குக் கேட்கப் பயமாக இருந்தது. ஒன்றும் கேட்காமல் கையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றேன். அப்படி நான் நின்றது இதுதான் முதல் தரம்.

உன்னுடைய காப்பையும் வாங்கி வைத்திருக்கிறேன். தலைமாட்டில் இருக்கிறது. கட்டச் சொல்ல மாட்டேன். உனக்கு விருப்பமென்றால் கையை நீட்டு, கட்டிவிடுகிறேன்.

அம்மா